ஃபிஜியில் வெள்ளைக்காரன் மண்ணைக் காப்பாற்றினானா?

சேந்தன் | 3 மார்ச் 2024

காலனி ஆட்சி என்றாலே கொள்ளை என்றுதான் இங்கே எல்லோரும் எழுதுகிறோம். ஆனால் ஃபிஜியில் பூர்வகுடிகளின் நிலத்தை யாரும் வாங்கக் கூடாது என்று பிரிட்டிஷ்காரனே தடை போட்டிருக்கிறான். இன்றைக்கும் நாட்டின் நிலத்தில் 80 சதவீதத்துக்கு மேல் அவர்கள் கையில்தான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்ததைப் பார்த்தால் ஃபிஜியில் நடந்தது நல்ல ஆட்சி என்று சொல்லலாம் இல்லையா?

பழையகணக்கு | 3 மார்ச் 2024, இரவு

நிலம் மிஞ்சியது உண்மை, தம்பி. யார் செலவில் மிஞ்சியது என்று பார்த்தால்தான் முழுக்கதையும் தெரியும்.

1874 அக்டோபர் 10 அன்று லெவுகாவில் தாக்கொம்பாவும் மற்றப் பெருந்தலைவர்களும் தீவுகளை விக்டோரியா ராணிக்கு எழுதிக்கொடுத்தார்கள். அதற்குள்ளேயே பருத்தித் தோட்டக்காரர்களும் வியாபாரிகளும் நல்ல நிலம் கணிசமாக வாங்கியாகிவிட்டது. தாக்கொம்பாவின் தலையில் அமெரிக்கர்கள் கட்டிய கடன் வேறு. அடுத்த வருடத் தொடக்கத்தில் அவர் சிட்னி போய்விட்டுத் திரும்பிய கப்பலோடு தட்டம்மை வந்தது. அதுவரை அந்த நோயைப் பார்த்தே இராத ஜனங்கள். சில மாதங்களில் சுமார் 40,000 பேர் செத்தார்கள். மக்கள்தொகையில் நாலில் ஒரு பங்குக்கும் குறையாது.

இந்த நிலையில்தான் 1875 ஜூனில் ஆளுநராக ஆர்தர் கோர்டன் வந்து இறங்கினார். லண்டனிலிருந்து பணம் வராது, காலனி தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபிஜியர்களைத் தோட்டங்களுக்கு இழுத்தால் மிச்சமிருப்பவர்களும் அழிந்துபோவார்கள் என்று அவர் நினைத்தார். நிலம் விற்பதை நிறுத்தினார். ஊர்களைத் தலைவர்கள் பொறுப்பில் விட்டார். வரியைக்கூடக் காசாக வாங்காமல் விளைபொருளாக வாங்கினார். இதில் அவருக்கு உண்மையான அக்கறை இருந்தது என்றே நான் நம்புகிறேன்.

சரி, அப்புறம் காலனிக்கு வருமானம் எங்கிருந்து வரும்? ஃபிஜிக்கு முன்னால் கோர்டன் டிரினிடாடிலும் மொரீஷியஸிலும் ஆளுநராக இருந்தவர். அங்கே இந்தியக் கூலிகளை வைத்துக் கரும்பு எப்படி ஓடுகிறது என்று கண்ணால் பார்த்தவர். 1879 மே 14 அன்று கல்கத்தாவிலிருந்து லியோனிதாஸ் என்ற கப்பல் வந்து சேர்ந்தது. வழியிலேயே காலராவும் அம்மையும் கண்டிருந்ததால் ஆட்களைத் தனித் தீவில் வைத்து, பிறகுதான் கரைக்கு விட்டார்கள். அன்று தொடங்கி 1916 வரை 60,000-க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். 1903-லிருந்து சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல் கிளம்பியது. வந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் நம் பக்கத்து ஆள்: வட ஆற்காடு, செங்கல்பட்டு, மலபார், தெலுங்குச் சீமை.

ஃபிஜியனின் நிலத்தைக் காப்பாற்றியதும் இந்தியனைக் கப்பலில் ஏற்றியதும் ஒரே முடிவுதான். ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து நல்லது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பழையகணக்கு | 4 மார்ச் 2024

நேற்று விட்டுப்போனது. அந்த ஒப்பந்தத்தை ஃபிஜியில் கிர்மிட் என்பார்கள். ஐந்து வருடம். நாள் கூலி ஆணுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ், அதுவும் கொடுத்த வேலையை முடித்தால்தான். முடிக்கவில்லை என்றால் கூலி இல்லை. வேலைக்குப் போகாமல் இருந்தால் கோர்ட்டு, அபராதம், சிறை. குடியிருப்பு, இலங்கை மலையகத்துக்காரர்களும் மலேசியக்காரர்களும் அறிந்த அதே லயன் வரிசை வீடு. பத்தடிக்கு ஏழடி அறை. அதில் கல்யாணமாகாத ஆண்கள் மூன்று பேர், இல்லாவிட்டால் ஒரு குடும்பம். நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்று கணக்கு வைத்து அனுப்பினார்கள். அந்தக் கணக்கினால் பெண்கள் பட்ட பாட்டைத்தான் பாரதி பாடினார். இந்தியக் கூலிகள் போன காலனிகளிலேயே தற்கொலை மிக அதிகமாக இருந்த இடங்களில் ஃபிஜியும் ஒன்று.

மலர்விழி | 4 மார்ச் 2024

இந்த ஆர்தர் கோர்டன் கொழும்பில் இருந்த கோர்டன்தானா, ஐயா? கோட்டைப் பக்கம் அவர் பெயரில் ஒரு தோட்டம் உண்டு.

பழையகணக்கு | 4 மார்ச் 2024

அவரேதான், அம்மா. ஃபிஜிக்குப் பிறகு நியூசிலாந்து, அப்புறம் 1883 முதல் 1890 வரை இலங்கை. பரம்பரைத் தலைவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆள்வதில் அங்கேயும் அவருக்கு விருப்பம் இருந்தது.

பழையகணக்கு | 6 மார்ச் 2024

இரண்டு நாளாக இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். நான் கண்ணால் கண்டதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

1990-களின் பிற்பகுதியில் நான் லௌட்டோகாவில் கணக்கு எழுதும் வேலையில் இருந்தேன். 1903-இல் ஓடத் தொடங்கிய பெரிய சர்க்கரை ஆலை அந்த ஊரில்தான். அரவைக் காலத்தில் கரும்பு ஏற்றிய குட்டி ரயில் நடுத்தெரு வழியாகப் போகும், ஊர் முழுக்கப் பாகு வாசம் அடிக்கும். பா ஊருக்குப் போகிற சாலையில் எனக்குப் பழக்கமான ஒரு பெரியவர் கரும்பு வைத்திருந்தார். பத்து ஏக்கரை ஒட்டிய நிலம். அவருடைய தாத்தா வட ஆற்காட்டிலிருந்து கிர்மிட்டில் போனவர். பெரியவருக்குத் தமிழில் பத்து வார்த்தைக்கு மேல் வராது, பேச்சு முழுக்க ஃபிஜி ஹிந்திதான். ஆனால் பங்குனி உத்திரம், காவடி, தீமிதி எதையும் விட்டதில்லை.

அவருடைய குத்தகை முடியப்போகிறது என்று, பூர்வகுடி நிலங்களைக் குத்தகைக்கு விடும் வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. 1976-இல் வந்த விவசாயக் குத்தகைச் சட்டம் முப்பது வருடம் உறுதி கொடுத்தது. அதற்கு முந்தைய 1960-களின் சட்டப்படி எழுதிய குத்தகைகள் 1997-லிருந்து ஒவ்வொன்றாக முடிந்துகொண்டே வந்தன. நில உடைமைக் குடும்பக்கூட்டத்துக்கு மதங்காலி என்று பெயர். அவர்கள் புதுப்பிக்க மறுத்தால் குடியானவன் கிளம்ப வேண்டியதுதான். மூன்று தலைமுறை கல் பொறுக்கி, வாய்க்கால் வெட்டிப் பண்படுத்திய மண்.

பெரியவர் வீட்டைப் பிரித்தார். மரவீடுதானே, ஒவ்வொரு பலகையாகக் கழற்றினார். மேலே போட்டிருந்த தகரத்தையும் ஆணி பிடுங்கி அடுக்கினார். லாரியில் ஏற்றிக்கொண்டு போய் லௌட்டோகா ஓரத்துக் குடியிருப்பில் அதே பலகையால் இரண்டு அறை கட்டினார்கள். பூஜை அறைக் கதவு மட்டும் புது வாசலில் பொருந்தவில்லை. மகன் அதை அறுத்துச் சின்னதாக்கினான். பெரியவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

இதைப் பார்த்துவிட்டு மண்ணுக்குரியவர்கள் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அதே மதங்காலியைச் சேர்ந்த ஒரு மூத்தவரும் எனக்குத் தெரிந்தவர். ஒரு சாயங்காலம் பாயில் உட்கார்ந்து யங்கோனா என்ற வேர்ப் பானம் குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை, வரவைச் சொன்னார். கரும்பு நிலக் குத்தகையைச் சட்டமே நிலமதிப்பில் 6 சதவீதத்தோடு கட்டிப்போட்டிருக்கிறது. வருகிற பணத்தில் முதலில் வாரியத்தின் நிர்வாகச் செலவு போகும், ஒரு காலத்தில் அதுவே கால் பங்கு வரைக்கும். மிச்சத்தில் 30 சதவீதம் மூன்று படித் தலைவர்களுக்கு, ஐந்து, பத்து, பதினைந்து என்று. அதற்கும் பிறகு இருப்பதைக் கூட்டத்தில் இருக்கும் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். தன் பங்கு பிள்ளைகளின் பஸ் கட்டணத்துக்குக் காணாது என்றார். "என் நிலத்தில் இருப்பவன் பிள்ளை வக்கீலாகிறான், என் பிள்ளை கரும்பு வெட்டப் போகிறான்" என்றார். நான் கணக்குக்காரன், அவர் சொன்ன கணக்கில் ஒரு பிசகும் இல்லை.

இரண்டு வீட்டிலும் நான் சாப்பிட்டிருக்கிறேன். இரண்டு பேருக்கும் நியாயம் இருந்தது. இருவரையும் எதிரெதிரே நிறுத்திவைத்த ஏற்பாடு அவர்கள் பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே எழுதப்பட்டுவிட்டது.

குமரன்77 | 7 மார்ச் 2024

இந்தியர்கள் எண்ணிக்கையில் பூர்வகுடிகளையே மிஞ்சிவிட்டார்கள், கடைகண்ணி எல்லாம் அவர்கள் கையில். அந்தப் பயம் நியாயமானதுதானே?

பழையகணக்கு | 7 மார்ச் 2024

பயம் இருந்தது உண்மை. 1946 கணக்கெடுப்பில் இந்தியர்கள் முந்தினார்கள், 1960-களில் பாதியைத் தொட்டார்கள். ஆனால் கடைக்காரர்களையும் கரும்புக்காரர்களையும் ஒன்றாகப் போடாதீர்கள். நகரத்துப் பெரிய கடைகள் பல, கிர்மிட்டில் வராமல் சொந்தக் காசில் பின்னால் வந்த குஜராத்திகளுடையவை. கரும்புக்காரனுக்கு இருந்தது குத்தகையும் கம்பெனிக் கடனும்தான்.

அந்தக் கம்பெனியைப் பற்றி யாருமே பேசவில்லை பாருங்கள். சிட்னியில் தலைமையகம் வைத்திருந்த காலனியல் சுகர் ரிஃபைனிங் கம்பெனி. ஆலை அவர்களுடையது, ரயில் அவர்களுடையது, கரும்புக்கு விலை சொல்வதும் அவர்களே. 1920 ஜனவரி 1 அன்று மிச்சமிருந்த ஒப்பந்தங்களெல்லாம் ரத்தாயின. கூலி கிடைக்காது என்றானதும் தோட்டங்களைப் பத்து ஏக்கர் துண்டுகளாக்கிக் குடியானவர்களிடம் விட்டார்கள். வெயிலும் மழையும் நஷ்டமும் குடியானவனுக்கு, சர்க்கரை கம்பெனிக்கு.

1943-இல் விலை கேட்டுக் கரும்பு வெட்ட மறுத்தார்கள். முன்னால் நின்றவர்கள் வக்கீல் ஏ.டி. பட்டேலும், ராமகிருஷ்ண மடத்திலிருந்து 1939-இல் வந்த சுவாமி ருத்ரானந்தாவும். சுவாமியை வரவழைத்தது 1926-இல் தென்னிந்தியர்கள் தொடங்கிய சங்கம். அது உலகப்போர் நேரம். ஃபிஜி இளைஞர்கள் சாலமன் தீவுகளில் ஜப்பானியரோடு சண்டையிட்டுச் செத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சிப்பாய்க்குத் தரும் சம்பளத்தை எங்களுக்கும் கொடு என்று கேட்டு, கிடைக்காததால் இந்தியர்கள் படையில் பெரிதாகச் சேரவில்லை. கேட்டது நியாயம். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த ஃபிஜியத் தாய்க்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அந்தப் போர் வருடங்களில் விழுந்த "விசுவாசமில்லாதவர்கள்" என்ற பெயர் இந்தியர்களை விட்டுப் போகவே இல்லை.

கடைசியில் 1970-இல் நீதிபதி டென்னிங் பிரபு கொடுத்த தீர்ப்பு வருமானத்தில் 65 பங்கு விவசாயிக்கு, 35 பங்கு ஆலைக்கு என்றது. அது கட்டுப்படியாகாது என்று கம்பெனி 1973-இல் மூட்டை கட்டியது. அந்தத் தீர்ப்புக்காக வாதாடிய ஏ.டி. பட்டேல் அதைக் கேட்க உயிரோடு இல்லை. சில மாதங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பழையகணக்கு | 9 மார்ச் 2024

முதல் குறிப்பில் இந்தியர்கள் செலவில் நிலம் மிஞ்சியது என்ற தொனி தூக்கலாக வந்திருக்கிறது. ஃபிஜியர்களும் விலை கொடுத்தார்கள், அதையும் எழுதினால்தான் சரியாக இருக்கும்.

கிராமத்தைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி அவர்களைக் கிராமத்துக்குள்ளேயே கட்டிப்போட்டார்கள். ஊரைவிட்டு வெளியே போய்ப் பிழைக்கத் தலைவர் சம்மதம் வேண்டும். ஊர்ப்பணி, தலைவருக்குச் செய்யும் பணி, வீடு கட்டும் பணி எல்லாவற்றுக்கும் விதிமுறைகள் இருந்தன, மீறினால் தண்டனை. பள்ளிகள் இனத்துக்கு இனம் தனி. இந்தியர்கள் சட்டசபைக்கு மூன்று உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க 1929-இல் வாக்களித்தார்கள். அந்த மூவரும் எல்லோருக்கும் ஒரே வாக்காளர் பட்டியல் வேண்டும் என்று கேட்டு, தோற்று, பதவியை விட்டு வெளியேறினார்கள். ஃபிஜியர்களோ தங்கள் பிரதிநிதிக்கு ஓட்டுப் போட 1963 வரை காத்திருந்தார்கள். அதுவரை அவர்களுக்காகப் பெருந்தலைவர்கள் அவை பெயர் கொடுக்க, அதிலிருந்து ஆளுநர் நியமிப்பார். தங்கள் சொந்த நாட்டில்!

மதங்காலிதான் நிலத்துக்குச் சொந்தம் என்பதும் எல்லாத் தீவிலும் ஆதியிலிருந்து அப்படியே இருந்த வழக்கம் இல்லை. இடத்துக்கு இடம் வேறாக இருந்தது. சண்டை, கல்யாணம், குடிபெயர்வு என்று ஆட்களும் எல்லைகளும் நகர்ந்துகொண்டே இருந்த சமூகம் அது. நில ஆணையம் ஒரே அச்சில் வார்த்துப் பதிவேட்டில் ஏற்றியது, அதுவே பிறகு "பழைய மரபு" ஆகிவிட்டது. 1940-இல் ஃபிஜியப் பெருந்தலைவர் ராத்து சுகுனா மற்றத் தலைவர்களை இணங்கவைத்துக் குத்தகைப் பொறுப்பைப் பொது வாரியத்திடம் ஒப்படைத்தார். ஆக்ஸ்போர்டில் படித்தவர், முதல் உலகப்போரில் பிரெஞ்சு அயல்நாட்டுப் படையில் சேர்ந்து போரிட்டவர். குடியானவனுக்கும் நிலம் வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

இன்னொன்று. கோர்டனின் தடையும் கல்வெட்டு இல்லை. 1905-இல் ஆளுநர் இம் தர்ன் விற்பனைக்கு வழி திறந்துவிட்டார். சில வருடங்களில் ஏக்கர் ஏக்கராகக் கைமாறியது. அப்போது பிரபுக்கள் சபையில் எழுந்து எதிர்த்தவர் கிழவரான கோர்டன்தான். கதவு மறுபடி மூடப்பட்டது. அந்தப் பெருமையை அவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

பழையகணக்கு | 10 மார்ச் 2024

கொஞ்சம் விலகிப் போகிறேன், ஆனால் இவர்களை விட்டுவிட்டு இந்தப் பேச்சு முழுமையாகாது.

இந்தியர்களுக்கு முன்னாலேயே, 1864-லிருந்து சாலமன் தீவுகள், வனுவாட்டு பக்கமிருந்து ஆட்களைத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தார்கள். பலரை ஏமாற்றி, சிலரைக் கடத்தி. அவர்கள் சந்ததியில் ஒரு பகுதி சுவாவுக்குப் பக்கத்தில் வைலோக்குவில் இருக்கிறது. மண்ணுக்குரியவர்கள் பட்டியலிலும் இல்லை, கரும்புக் குத்தகையிலும் இல்லை. கட்சிகள் சண்டை போடும்போது அவர்கள் பெயரே வராது.

பனாபா தீவுக்காரர்களும் உண்டு. அவர்கள் தீவு முழுக்கப் பாஸ்பேட். பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் கூட்டாகத் தோண்டி எடுத்துத் தங்கள் வயலுக்கு உரமாகப் போட்டார்கள். 1945 டிசம்பரில் அந்த ஜனங்களை ஃபிஜியின் ராபி தீவில் குடியேற்றினார்கள். ராபியை வாங்கிய பணமும் அவர்களுடைய பாஸ்பேட் பங்குப் பணம்தான். சேந்தன், ஃபிஜியில் மண்ணைக் காத்த அதே பேரரசு பனாபாவில் மண்ணையே கப்பலில் ஏற்றிவிட்டது. எங்கே எது லாபமோ அங்கே அது.

சேந்தன் | 12 மார்ச் 2024

படிக்கப் படிக்க மனசு கனக்கிறது. ராணுவப் புரட்சிகளுக்கும் நிலம்தான் காரணமா?

பழையகணக்கு | 13 மார்ச் 2024

நிலத்தைக் காட்டிப் பயமுறுத்தியதுதான் காரணம் என்பேன். எந்த அரசு வந்தாலும் பூர்வகுடி நிலத்தைத் தொட முடியாதபடி அரசியல் சட்டத்தில் பூட்டு இருந்தது. அதை அறிந்தவர்களே "இந்தியன் வந்தால் நிலம் போய்விடும்" என்று மேடை ஏறினார்கள்.

1970 அக்டோபர் 10 விடுதலை, தீவுகளை எழுதிக்கொடுத்த அதே தேதி. பதினேழு வருடம் ராத்து மாரா பிரதமர். 1987 ஏப்ரலில் டாக்டர் பவாத்ரா ஜெயித்தார். அவர் ஃபிஜியர்தான், ஆனால் அமைச்சரவையில் இந்தியர்கள் கணிசம். மே 14 அன்று கர்னல் ரபூக்கா நாடாளுமன்றத்துக்குள் ஆட்களோடு நுழைந்தார். லியோனிதாஸ் வந்த நாளும் அதுவே. அன்றிலிருந்து படித்தவர்கள் சிட்னி, ஆக்லாந்து, வான்கூவர் என்று கிளம்பத் தொடங்கினார்கள். 2007 கணக்கெடுப்பில் இந்தியர் பங்கு 37 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது.

2000-ஆம் ஆண்டுப் புரட்சியின்போது நான் அங்கேயே இருந்தேன். கிர்மிட் குடும்பத்துப் பேரனும் விவசாயிகள் சங்கப் பொதுச் செயலாளருமான மகேந்திர சௌத்ரி முதல் இந்தியப் பிரதமராகி ஒரு வருடம் ஆகியிருந்தது. மே 19 அன்று ஜார்ஜ் ஸ்பைட் ஆட்களோடு நாடாளுமன்றத்தில் புகுந்து அவரையும் அமைச்சர்களையும் 56 நாள் பிணையாக வைத்திருந்தான். முவானிவேனிப் பக்கத்து இந்தியக் குடும்பங்கள் மாடும் பயிரும் போய், அடி வாங்கி, லௌட்டோகா கிர்மிட் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தன. நாங்கள் அரிசியும் பருப்பும் பால்மாவும் சேர்த்துக் கொண்டுபோனோம். எங்களோடு மூட்டை தூக்க வந்தவர்களில் ஃபிஜியப் பையன்களும் இருந்தார்கள். மெதடிஸ்ட் தேவாலயத்துப் பிள்ளைகள். அதை யாரும் செய்தியில் போடவில்லை, அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

2006-இல் ராணுவத் தளபதி பைனிமராமா ஆட்சியைப் பிடித்தார். அதுவும் துப்பாக்கிதான். ஆனால் குத்தகைப் பணத்தைத் தலைவர், குடிமகன் என்ற பேதமில்லாமல் சமமாகப் பிரிக்க வைத்ததும், 2013 அரசியல் சட்டத்தில் எல்லாக் குடிமக்களும் ஃபிஜியர் என்று எழுதியதும் அவர் காலத்தில்தான். 2022 கடைசியில் மறுபடி ரபூக்கா பிரதமரானார். 2023 மே 14 அன்று அவரே மேடையில் நின்று 1987-க்காக மன்னிப்புக் கேட்டார். அந்த மாதம் கிர்மிட் நாள் முதன்முறையாக அரசு விடுமுறையானது. என் பழைய சிநேகிதர்களைத் தொலைபேசியில் கேட்டேன். ஒருவர் அழுதார். இன்னொருவர், மன்னிப்பு வேண்டாம், குத்தகையை நீட்டச் சொல் என்றார். இரண்டாமவர் சொன்னதுதான் எனக்கு நியாயமாகப் பட்டது.

சேந்தன் | 15 மார்ச் 2024

அப்படியென்றால் நிலத்தை விற்க விட்டிருக்க வேண்டும் என்கிறீர்களா, ஐயா?

பழையகணக்கு | 16 மார்ச் 2024

இல்லவே இல்லை. விற்க விட்டிருந்தால் வாங்கியிருப்பது கிர்மிட்காரன் இல்லை, சிட்னிக் கம்பெனி. இன்றைக்கு இரண்டு ஜனங்களும் கூலிகளாக இருந்திருப்பார்கள். தடை சரியானது.

தவறு அடுத்தடுத்துச் செய்ததில். அறுபதாயிரம் பேரை வரவழைத்துவிட்டு, அவர்கள் பேரப்பிள்ளைகள் எந்த மண்ணில் எந்த உரிமையோடு இருப்பார்கள் என்று ஏற்பாடு செய்யவில்லை. இந்தியாவிலிருந்து அழைக்கும்போது கொடுத்த சமவுரிமைப் பேச்சு வேறு, ஃபிஜித் தலைவர்களுக்குக் கொடுத்த வாக்கு வேறு. ஓட்டையும் பள்ளியையும் இனம் இனமாகப் பிரித்து, ஒருவரை ஒருவர் வழக்காளியாக மட்டுமே பார்க்கும்படி வளர்த்தார்கள். குத்தகைக்கு ஒரு உச்சவரம்பு, அதனால் மண்ணுக்குரியவனுக்கு நஷ்டம். முப்பது வருடத்தில் முடிவு, அதனால் உழுதவனுக்கு நஷ்டம். இரண்டு நஷ்டமும் சேர்ந்து மலிவான கரும்பாக ஆலைக்குப் போனது.

இன்று செய்ய வேண்டியது என்று கேட்டால், நீண்ட குத்தகை, விளைச்சல் விலையோடு சேர்ந்து ஏறும் வாடகை, குடியானவன் கட்டிய வீட்டுக்கும் போட்ட உழைப்புக்கும் கிளம்பும்போது உறுதியான ஈடு. புதுப்பிக்காமல் விட்ட நிலம் பல இடங்களில் புதர் மண்டிக் கிடந்ததையும் பார்த்தேன். அதில் யாருக்கும் ஒரு காசு வரவில்லை. இப்போது ஃபிஜியக் குடும்பங்களே கரும்பு வைக்கிறார்கள், பக்கத்து இந்திய விவசாயியிடம் நுணுக்கம் கேட்டுக்கொள்கிறார்கள். அது எனக்கு மிகுந்த சந்தோஷம்.

ஆற்காட்டான் | 20 மார்ச் 2024

எங்கள் தாத்தாவின் அண்ணன் ஃபிஜிக்குப் போனதாக வீட்டில் சொல்வார்கள். தேட முடியுமா?

பழையகணக்கு | 21 மார்ச் 2024

முடியும், தம்பி. கப்பல் ஏறிய ஒவ்வொருவருக்கும் ஒரு குடியேற்றச் சீட்டு எழுதினார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம், தாலுகா, ஜில்லா, உயரம், உடம்பில் உள்ள அடையாளம் எல்லாம் அதில் இருக்கும். அவை சுவாவில் உள்ள ஃபிஜி தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் பக்கத்து ஆள் என்றால் பெரும்பாலும் 1903-க்கும் 1916-க்கும் இடையில் சென்னையில் ஏறியிருப்பார், அந்தக் கப்பல்களை முதலில் பாருங்கள். குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதியதால் முனுசாமி ஏழெட்டு விதமாக இருப்பார். பெயரை வைத்து மட்டும் தேடாமல் கிராமம், தகப்பன் பெயர் இரண்டையும் சேர்த்துத் தேடுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் அந்த இரண்டையும் கேட்டு இங்கே போடுங்கள். சுவாவில் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், போய்ப் பார்த்துத் தரச் சொல்கிறேன்.